சிவப்புக் கன்னமும் நீலத் தலையும்

கல்யாணமான நாலாம் வருஷம் என் வீட்டுக்காரருக்குக் குருவிப் பைத்தியம் பிடித்தது. பிரவுசிங் சென்டர்கள் தெருவுக்குத் தெரு முளைத்திருந்த காலம். ஆரப்பாளையத்தில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். கோரிப்பாளையத்துப் பறவைக் கடையிலிருந்து ஆப்பிரிக்கன் ஃபின்ச் என்று இரண்டு நீலக் குருவிகளை வாங்கி வந்தார்.

"ஜோடி. கன்னத்துல சிவப்பு இருக்குறது ஆம்பள. இல்லாதது பொம்பள. ரெண்டே மாசத்துல குஞ்சு பொரிச்சிரும்."

எட்டு மாதமாகியும் ஒரு முட்டை இல்லை. கூண்டைக் கழுவுவதும் தினை உமியைக் கூட்டுவதும் நான். அவரோ, குருவி மிரளுகிறதென்று சித்திரை வெயிலில் காத்தாடியை நிறுத்திவிடுவார்.

தினமும் கழுவுகிறவளுக்குத் தெரியாதா? சிவப்புக் கன்னத்துக்கு உச்சந்தலை பழுப்பு. மற்றதற்குத் தலை முழுக்கப் பளிச்சென்று நீலம்.

"ஏங்க, பொட்டைக்கு இம்புட்டு நிறமா இருக்கும்?"

"ஒனக்கு என்ன தெரியும்?"

கோபத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் படங்களைத் தேடினேன். இரண்டும் ஆப்பிரிக்காதான், ஆனால் வேறு வேறு இனம். இரண்டுமே ஆண். சிவப்புக் கன்னத்தின் பெண்ணுக்குக் கன்னத்தில் சிவப்பும் இல்லை, உச்சந்தலையில் நீலமும் இல்லை. கலர் பிரிண்ட் எடுத்துவந்து நீட்டினேன்.

"இது வேற ஊர்க் குருவி" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

மறுநாள் ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, கூண்டோடு ஷேர் ஆட்டோ ஏறினேன்.

"அக்கா, வயசானா தலை நீலமாயிரும்" என்றார் கடைக்காரர்.

"எங்க வீட்டுக்காரருக்குமா பாய்?"

அவர் சிரித்துவிட்டார். பிரிண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, பெரிய கூண்டைத் திறந்தார். பழுப்புத் தலைப் பெண் ஒன்றைக் காட்டினேன். நீலத் தலையை எடுத்துக்கொண்டு அதைக் கொடுத்தார். "அப்படியே மத்ததையும் ஆம்பள பொம்பளன்னு பிரிச்சுக் குடுத்துட்டுப் போங்கக்கா" என்றார். வியர்வை வழிய ஒரு மணி நேரம் பிரித்தேன்.

அடுத்த மாதம் கூட்டில் நாலு வெள்ளை முட்டைகள்.

வீட்டுக்காரர் உடனே தன் அண்ணனுக்குப் போன் போட்டார். "நான் அப்பவே சொன்னேன்ல, பொறுமையா இருந்தா முட்டை வைக்கும்னு!"

ரிசீவரைப் பிடுங்கினேன். "நம்பாதீங்க மாமா. எட்டு மாசமா ரெண்டு ஆம்பளய வச்சுக்கிட்டு என்னைய வறுத்தாரு. நாந்தான் போயி மாத்திட்டு வந்தேன்."

மறுமுனையில் ஒரே சிரிப்பு.