பச்சையாய்ச் சாப்பிட்ட மாதங்கள்

போன வருடம் நத்தாரும் புது வருடமும் முடிந்த கையோடு நான் சமைத்த சாப்பாட்டை நிறுத்தினேன். ஐம்பதைத் தொட்டுவிட்ட உடம்பு. சோறு சாப்பிட்டு எழும்பினால் நெஞ்சு எரியும், வயிறு கல்லுப் போலக் கிடக்கும். முன்பள்ளியில் பிள்ளைகளோடு நிலத்தில் இருந்துவிட்டு எழும்ப ஒரு கதிரையைப் பிடிக்க வேண்டியிருந்தது. என்னோடு படிப்பிக்கும் ரீச்சர் இணுவிலில் இருந்து பஸ்ஸில் வருகிறவர். அவருக்கும் என் வயதுதான், அதே நெஞ்செரிவுதான். இடைவேளைகளில் இருவரும் கைபேசியில் வீடியோக்கள் பார்த்துப் பார்த்துக் கடைசியில் சேர்ந்தே முடிவெடுத்தோம். நெருப்பில் வைத்த எதுவும் வாயில் வைப்பதில்லை. பழம், பச்சை மரக்கறி, துருவிய தேங்காய்ப்பூ, முளைவிட்ட பயறு, ஊறவைத்த கச்சான் கடலை, அவ்வளவுதான்.

ரீச்சர் அந்த வாரமே விட்டுவிட்டார்.

"புட்டு அவிச்சு இறக்கேக்கை வந்த வாசத்துக்கு என்ரை கை தன்ரை பாட்டிலை புட்டுக்குப் போட்டுது" என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் தன் வீட்டுத் தோட்டத்துக் கரட், வெள்ளரிப் பிஞ்சு, வல்லாரை எல்லாம் எனக்குக் கொண்டுவந்து தருவதை அவர் விடவில்லை. அதனாலேயே எனக்கு விட முடியாமல் போனது.

முதலில் தலையிடி. அது சாப்பாட்டால் வந்ததல்ல, தேத்தண்ணியை விட்டதால் வந்தது என்று பிறகுதான் விளங்கியது. விடிய எழும்பினால் என்ன செய்வதென்று கைகளுக்குத் தெரியவில்லை. தேத்தண்ணிக் கேத்திலைத் தொடுவதும் விடுவதுமாக நிற்பேன். பச்சைக் கோவா இலை வயிற்றை ஊத வைத்தது. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது வயிறு சத்தம் போட, முன்னால் இருந்த சின்னப் பெட்டை "ரீச்சருக்குள்ளை தவளை" என்றாள். மென்று மென்று தாடை நொந்தது. மாரிக் குளிர் இன்னும் போகவில்லை. உள்ளே சூடாக ஒன்றும் இறங்காததால் கைகால் சில்லிட்டபடியே இருந்தன. வயிறு நிறைந்திருக்கும், ஆனால் சாப்பிட்டேன் என்ற நினைப்பு வராது.

அழுகையும் வந்தது. பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கும் சத்தம் கேட்டு நான் குசினியில் நின்று அழுதிருக்கிறேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

இவர், என் மனுசன், கடலுக்குப் போகிறவர். குருநகர்க் கரையில் எங்கள் வீடு. ஒவ்வொரு நாளும் மீனை ஏலத்துக்குக் கொடுக்குமுன் வீட்டுக்கென்று கொஞ்சம் எடுத்து வைப்பார். ஒட்டி மீன் வலையில் பட்டால் அது எனக்கு. தேங்காய்ப்பாலும் மஞ்சளும் போட்ட ஒட்டிச் சொதி என்றால் நான் சோற்றை மறந்து குடிப்பேன் என்று அவருக்குத் தெரியும். நான் பச்சையாய்ச் சாப்பிடப் போகிறேன் என்று சொன்னபோது அவர் வலையைப் பார்த்தபடி, "தபசு காலம் இன்னும் தொடங்கேல்லையே" என்றார். ஈஸ்டருக்கு முந்திய நோன்பைத்தான் சொன்னார்; ஏனென்று கேட்காமல் வலைக்குத் திரும்பினார்.

அவருக்கு நான் வழமை போலச் சமைத்துக் கொடுத்தேன். ஆனால் உப்புப் பார்ப்பதில்லை. ஒருநாள் கறி கரிக்கும், அடுத்த நாள் சப்பென்று இருக்கும். அவர் அப்படியே சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக் கோப்பையைக் கழுவி வைப்பார். முன்பெல்லாம் குசினி மேசையில் இருவருமாக இருந்துதான் சாப்பிடுவோம். இப்போது அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு ரீவிக்கு முன்னால் போய்விடுவார். நான் குசினியில் இருந்து கரட் கடிப்பேன். அந்தச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்கும்.

முன்வீட்டு அக்கா ஒழுங்கையில் என்னை மறித்து, "என்ன நேர்த்திக்கடன் வைச்சிருக்கிறாய்? மகளின்ரை விசாவுக்கோ?" என்று கேட்டார். மகள் வெளியூரில் இருந்து விசாவுக்குக் காத்திருந்தாள்தான், ஆனால் அதற்கல்ல என்றேன். "அப்ப உடம்புக்கு வருத்தமோ?" என்றார். அதுவும் இல்லை என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவதாக ஒரு காரணத்தையும் அவர் நினைத்திருக்கிறார், வாய்விட்டுத்தான் கேட்கவில்லை; அது எனக்கு அப்போது விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் சாப்பாட்டைத் தள்ளி வைத்தால் அது யாரோடோ கோபம்.

ஒரு காலை இவர் வெறுங்கையோடு வந்தார். மீன் படவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

"பட்டது. எல்லாத்தையும் ஏலத்திலை குடுத்திட்டன்."

"கறிக்கு?"

"ஆருக்குக் கொண்டு வாறது?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டபடிதான் சொன்னார். நான் வாங்கில் பலகையில் இருந்துவிட்டேன். அவரும் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"இஞ்சை பாரப்பா, நீ கோவிச்சுக்கொண்டு இருக்கிறது எனக்குத் தெரியும். நான் விட்டிடுறன். இனித் தொடமாட்டன்."

"எதை?"

"சிகரெட்டை."

நான் அவரையே பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன் மாதா முன்னால் சத்தியம் பண்ணி விட்டவர்.

"நீங்கள் திரும்பப் பத்துறீங்களோ?"

அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. "அப்ப உனக்குத் தெரியாதோ? நீ அதுக்குத்தானே சாப்பிடாமல் கிடக்கிறாய் எண்டு நான் நினைச்சனான்."

எனக்குக் கோபம் வரத்தான் வேண்டும். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு நோகச் சிரித்தேன். அவரும் முதலில் முழித்துவிட்டுப் பிறகு சிரித்தார். சிரித்து ஓய்ந்தபின் நெஞ்செரிவையும், பிள்ளைகள் முன் எழும்ப முடியாமல் வெட்கப்பட்டதையும் அன்றுதான் அவருக்கு ஒழுங்காகச் சொன்னேன். இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. செய்யப் போவதைச் சொன்னேனே தவிர, எதற்கென்று சொல்லவில்லை.

"கடலிலை நிக்கேக்கை உனக்கெண்டு ஒரு மீனை எடுத்து அங்காலை வைப்பன்" என்றார் அவர். "அப்பதான் வீட்டை போறன் எண்ட எண்ணம் வரும். இப்ப அது இல்லாமல் போச்சு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அன்றிலிருந்து மறுபடி குசினி மேசையில் ஒன்றாகச் சாப்பிட்டோம். அவர் சோறும் மீனும், நான் பயறும் தேங்காய்ப்பூவும். உப்பை அவரே பார்த்துச் சொன்னார். ஒருநாள் என் கோப்பையில் இருந்து ஒரு கரண்டி பயறு எடுத்து வாயில் போட்டுவிட்டு, கனநேரம் மென்று விழுங்கி, "கடவுளே, இதை எப்பிடித்தான் நீ..." என்று முடிக்காமல் விட்டார். மாம்பழக் காலம் வந்தபோது மட்டும் என் சாப்பாட்டில் பங்கு கேட்டார்.

அதற்கிடையில் உடம்பு பழகிவிட்டது. நெஞ்செரிவு போய்விட்டது. விடிய எழும்பும்போது கண் கனக்கவில்லை. கரட்டில் இவ்வளவு இனிப்பு இருக்கிறதென்று இந்த வயதில்தான் கண்டுகொண்டேன். பிள்ளைகளோடு நிலத்தில் இருந்துவிட்டுக் கதிரையைப் பிடிக்காமல் எழும்பிய நாளில், இணுவில் ரீச்சர் தூரத்தில் நின்று கைதட்டினார்.

ஆனால் வெயில் ஏறிய காலத்தில் தலை சுற்றத் தொடங்கியது. வாரும்போது சீப்போடு தலைமயிர் கற்றையாக வந்தது. கிளினிக்குக்குப் போனேன். இரத்தம் குறைந்துவிட்டது என்றார்கள். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்ட இளம் டொக்டர் பிள்ளை, சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மரக்கறி பழத்தை விட வேண்டாம் அம்மா. ஆனா மீன் பிடிக்கிற வீட்டிலை இருந்துகொண்டு மீனை ஏன் விடுறீங்கள்?" என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. தோற்றுப்போன மாதிரியும் இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வர, இவர் ஒட்டி கொண்டுவந்து தானே வெட்டிக் கழுவி வைத்திருந்தார். சொதி வைத்தேன். இருவரும் மேசையில் இருந்தோம். முதல் வாயிலேயே உப்பும் உறைப்பும் நாக்கைப் பிடித்தன. பச்சை மிளகாயை நான் பாதிதான் போட்டிருந்தேன். அப்படியும் கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

"எப்பிடி?" என்றார்.

"உறைக்குது."

ஒரு மீனுக்கு மேல் முடியவில்லை. வயிறு சின்னதாகிவிட்டது போல. மிச்சத்தை அவர் கோப்பைக்கு மாற்றினேன்.

இப்போது பகலில் பச்சையாய்த்தான் சாப்பிடுகிறேன். இரவில் அவரோடு மீனும் கொஞ்சம் சோறும். தேத்தண்ணியை மட்டும் திரும்பத் தொடவில்லை. இரத்தம் கூடியிருக்கிறது, அடுத்த மாதம் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். இணுவில் ரீச்சர் இன்னொருக்கால் தொடங்கிப் பார்ப்போமா என்று கேட்கிறார். முதலில் புட்டை விடாமல் தொடங்குங்கோ என்று சொல்லியிருக்கிறேன்.