சோளகத்தில் இழுத்த ஜீப்

வீல் அலைன்மென்ட் தொழிலில் வண்டி நேராக ஓடினால் அது ஓட்டுநரின் கெட்டித்தனம். ஒரு பக்கம் இழுத்தால் அது நம்முடைய குற்றம். கராஜ் வைத்து நொந்துபோன சகோதரர்களே, இதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. வடக்கிலிருந்து முஸ்லிம்களாகிய நாங்கள் விரட்டப்பட்டு வந்த காலம் தொட்டு நான் துண்டுப்பிரசுரம் எழுதினேன், ஊர்வலம் நடத்தினேன், மகஜர் கொடுத்தேன். என்னோடு கோஷம் போட்டவர்கள் பதவிக் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். நான் புத்தளம் தில்லையடியில் வண்டிகளுக்கு அடியில் படுத்தேன். யுத்தம் முடிந்து கரையோரமெங்கும் ஹோட்டல்கள் முளைத்த பிறகு, மணலில் ஓடுவதற்காக உயர்த்திய ஜீப்புகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அவற்றில் ஒன்றின் கதை இது.

மறந்த சில்லு

கண்டக்குழி நஸார் தன் படகை விற்று ஒரு பழைய ஜீப் வாங்கினான். ஸ்பிரிங்கைத் தாங்கும் துண்டுகளை நீளமாக்கி, பெரிய டயர் போட்டு, கால் எட்டாத உயரத்துக்குத் தூக்கியிருந்தான். ஆலங்குடாவில் ஒரு ஹோட்டல், காற்றில் பறக்கும் பட்டம் இழுத்துச் செல்ல, கடலில் பலகைமேல் சறுக்க வரும் வெள்ளைக்காரரை ஏற்றி இறக்க ஜீப் தேடியது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு முகாமையாளர் தானே ஓட்டிப் பார்ப்பார். பிடித்தால் சீசன் முழுக்க வேலை. பிடிக்காவிட்டால், திரும்பிப் போக நஸாருக்குப் படகும் இல்லை.

என்னை அண்ணன் முறை வைத்து, "அலையுது நானா" என்று கொண்டுவந்தான். மெஷினில் ஏற்றுமுன் டயர்களைத் தட்டிப் பார்த்தேன். எங்கள் கரையில் மணலுக்குள் இறங்குமுன் டயரில் காற்றைக் குறைப்பார்கள். தார் ரோட்டுக்கு ஏறியதும் மறுபடி அடிப்பார்கள். இவனுடைய முன் இடது சில்லின் டயர் மட்டும் இன்னும் காற்றுக் குறைந்து பிதுங்கிக்கொண்டு நின்றது. ஏனென்று கேட்டேன். "மத்த மூணுக்கும் அடிச்சி முடியக்குள்ள அஸருக்குப் பாங்கு சொல்லிட்டாங்க நானா. தொழுதுட்டு அப்புடியே வந்துட்டேன்."

நேராக்கிய கோணல்

காற்றடித்த பிறகும் வண்டி அலைந்தது. ஜீப்பை உயர்த்தினால் ஸ்டியரிங் கம்பியின் கோணம் மாறும். சில்லு நேராக நிற்கும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கும். கம்பியின் நீளத்தைத் திருத்துவதுதான் முறை. நஸாரோ ஸ்டியரிங்கையே கழற்றி, நேராகத் திருப்பிப் பூட்டியிருந்தான். அதைச் சரிசெய்து அடியில் படுத்துப் பார்த்தால், பெரிய கோளாறு முன் அச்சில். சைக்கிளின் முன் கவை சரிந்திருப்பதால்தான் கையை விட்டாலும் அது நேரே ஓடுகிறது. ஜீப்பின் அச்சுக்கும் அப்படி ஒரு சரிவு உண்டு. தூக்கியதில் அது போய்விட்டது. ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்புத் தகடு செருகி மீட்டேன்.

வேலை செய்தபடியே, அடியிலுள்ள பிழையை விட்டுவிட்டு மேலே தெரிவதை மட்டும் நேராக்குவது ஆட்சியாளர்களின் பழக்கம் என்று அவனுக்கு எடுத்துச் சொன்னேன். நஸார் பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான்: "வெள்ளிக்கிழம நீங்களும் வாங்க நானா. ஆனா அங்க வந்து கூட்டம் வெச்சிராதீங்க."

போகும்போது வலம், வரும்போது இடம்

முகாமையாளர் கொழும்பு மனிதர். கூரையில் சறுக்குப் பலகைகளைக் கட்டச் சொல்லிவிட்டு, எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு கற்பிட்டி ரோட்டில் வடக்கே ஓட்டினார். தென்மேற்குக் காற்றான சோளகம் இடப்பக்கக் கடலிலிருந்து முழு வேகத்தில் அடித்தது. ஸ்டியரிங்கை விட்டார், வண்டி வலப்பக்கம் ஒதுங்கியது. "அலைன்மென்ட் சரியில்ல" என்றார். நஸாரின் முகம் செத்துப்போனது. திருப்பி ஓட்டச் சொன்னேன். தெற்கே வரும்போது அதே வண்டி இடப்பக்கம் போனது.

இரண்டு பக்கமும் இழுக்கும் அலைன்மென்ட் உலகத்தில் இல்லை, இது காற்று என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். புத்தளத்தில் அதிகாரிகளிடம் போய் வீடு, காணி கேட்டால் 'உங்கள் ஊர் மன்னார்' என்கிறார்கள், மன்னாருக்குப் போனால் 'உங்கள் பதிவு புத்தளத்தில்' என்கிறார்கள், கடைசியில் குறை எங்களிடமே என்கிறார்கள், அதைப் போலத்தான் இதுவும் என்று நீட்டினேன். முகாமையாளர் வண்டியை ஓரங்கட்டினார். "காத்து இருக்கிறதாலதான் எங்களுக்கு ஆளே வருது. அதுல ஓட ஏலாத ஜீப்ப வெச்சி நான் என்ன செய்ய?"

இறக்கம்

நான் சொன்னது சரி. அவர் சொன்னதும் சரி, அதுதான் சுட்டது. உயரம் கூடக் கூடக் காற்றுக்குப் பிடி கூடும். பேச்சுவார்த்தைகளில் மற்றவர்கள் பாதிக்குச் சம்மதித்தபோது எழுந்து வெளியே வந்தவன் நான். அதற்காக வருந்தியதும் இல்லை. ஆனால் படகை விற்ற நஸார் பக்கத்தில் உட்கார்ந்து கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். "நாளைக்கு இன்னொருக்கா பாருங்க" என்று கேட்டேன். கோரவில்லை, கேட்டேன்.

கராஜுக்குத் திரும்பியதும் நீளத் துண்டுகளைக் கழற்றினேன். "உசரம் கொறஞ்சா வெள்ளக்காரன் எப்புடி நானா போட்டோ புடிப்பான்?" என்று நஸார் புலம்பினான். குட்டையானவற்றைப் போட்டு வண்டியை இரண்டு அங்குலம் இறக்கி, மெல்லிய ஆப்பு வைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்தேன். பலகைகளைக் கூரையில் கட்டாமல் உள்ளே போடச் சொன்னேன்.

மறுநாளும் அதே காற்று. வண்டி இழுக்கத்தான் செய்தது. ஆனால் ஒரு கை அதற்குப் போதுமாக இருந்தது. முகாமையாளர் வடக்கே போய்த் திரும்பி வந்தார். இறங்கிச் சாவியை நஸாரிடம் நீட்டினார். "திங்கக்கிழம காலையில வந்துருங்க. இந்த நானாவ மட்டும் கூட்டிட்டு வர வேணாம்."

எந்த ஊர்வலத்திலும் ஓர் அங்குலம் இறங்காத நான் வென்ற ஒரே கோரிக்கை, இரண்டு அங்குலம் இறங்கி வென்றது, அதுவும் வேறொருவனுக்காக.