பால்மர் தொட்டுப் பார்த்த டிராக்டர்

கோதுமை அறுவடை முடிந்து, தாளை மடக்கி உழுதுகொண்டிருந்தபோதுதான் பால்மர் ஸ்காருக்குப் பக்கவாதம் வந்தது. இருக்கையிலிருந்து சரிந்து மண்ணில் விழுந்துவிட்டார். டிராக்டர் நிற்கவில்லை. ஆளில்லாமலே வயலைக் கடந்து, கம்பிவேலியை இழுத்துக்கொண்டு, கோரைக்குட்டையில் இறங்கி மூழ்கியது. சாப்பாடு கொண்டுவந்த ஆர்டிஸின் கண்ணில் முதலில் பட்டது குட்டையிலிருந்து எழும்பிய ஆவிதான். புருஷன் கிடந்த இடம் அதற்கப்புறம்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பால்மருக்கு வலப்பக்கம் முழுக்க விழுந்துபோயிருந்தது. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல், "ஆமா." பசித்தாலும் ஆமா, வலித்தாலும் ஆமா, வேண்டாம் என்பதற்கும் ஆமாதான். எந்த ஆமா எதற்கு என்று அவர் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஆர்டிஸ் பழகினாள். பாதி நேரம் தப்பாகப் போகும். அவர் கம்பளி கேட்டிருப்பார், இவள் காப்பி கொண்டுவந்து நீட்டுவாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

குட்டையில் இறங்கிய வண்டியைப் பழைய இரும்புக்காரன் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். வடக்கு டகோட்டாவின் அந்த நீளக் குளிர்காலம் முழுக்க ஆர்டிஸுக்கு ஒரே நினைப்பு. பனி உருகினால் விதைக்க வேண்டும், விதைக்க ஒரு டிராக்டர் வேண்டும். புதிது வாங்க வழியில்லை. பழசு ஒன்று, நல்ல டீசல் வண்டியாகக் கிடைத்தால் போதும்.

பக்கத்து நிலத்துக்காரன் ஹார்லன் ப்ரெக்கே காப்பி குடிக்க வரும்போதெல்லாம் அதே பேச்சை எடுப்பான்.

"நிலத்தை எங்கிட்ட குத்தகைக்கு விட்டுடு ஆர்டிஸ். உனக்கு எதுக்கு இந்தப் பாடு?"

"எங்க நிலத்துல விதைக்க எங்களுக்குத் தெரியும். நீ கேக்கைத் தின்னு."

"சரி, டிராக்டர் பாக்கப் போறப்பவாவது என்னைக் கூட்டிட்டுப் போ. எவனாவது தலையில கட்டிருவான்."

"என் வீட்டுக்காரர் பாத்துக்குவாரு."

ஹார்லன் ஜன்னலோரச் சக்கர நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கோப்பைக்குள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

அவள் வீம்புக்குச் சொல்லவில்லை. பால்மர் நடமாடிய காலத்தில் அந்த வட்டாரத்தில் யார் பழைய டிராக்டர் வாங்குவதானாலும் அவரை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டாமல் வாங்கமாட்டார்கள். ஆர்டிஸும் கூடப் போவாள். ஆனால் ஆண்கள் கொட்டகைக்குப் போக, அவள் அந்த வீட்டுப் பெண்களோடு அடுப்படியில் உட்கார்ந்துவிடுவாள். சாப்பாட்டு மேசையில் அவர் சொன்னதிலிருந்து ஒன்றிரண்டு காதில் விழுந்திருந்தது. ஆயில் குச்சியை உருவிப் பார்க்கணும், பால்காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கணும், எண்ணெய் மிதக்கக் கூடாது. முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்கணும். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மார்ச் மாதத்தில் எமில் ஃபைஸ்ட் என்பவன் பழைய டீசல் டிராக்டர் ஒன்று விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்திருந்தான். உறைபனி விழுந்த ஒரு காலையில் ஆர்டிஸ் பால்மரைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். எமில் வாசலிலேயே நின்றிருந்தான். சிவந்த முகம், வாய் ஓயாத ஆள்.

"வாம்மா, வாங்க பால்மர்! உங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். உங்க முன்னாடி வண்டிய நிறுத்தவே பயமா இருக்கு, போங்க!"

வண்டி கொட்டகைக்குள் நின்றது. சாயம் வெளுத்திருந்தாலும் டயரில் இன்னும் பல் இருந்தது. ஆர்டிஸ் குச்சியை உருவினாள். எண்ணெய் கறுப்பாக இருந்தது, பால்காப்பி நிறம் இல்லை. ரேடியேட்டரில் எதுவும் மிதக்கவில்லை. சக்கரத்தை ஆட்டினாள், ஆடவில்லை.

"அடேங்கப்பா, எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கியே! உன்னை ஏமாத்த முடியாதும்மா" என்றான் எமில். அந்தப் பாராட்டு அவளுக்கு இனித்தது. அந்தக் குளிர்காலத்தில் அவளை யாரும் பாராட்டியிருக்கவில்லை.

"நான் ஸ்டார்ட் பண்றேன், கேளுங்க" என்று எமில் ஏறப் போனான்.

"ஆமா" என்றார் பால்மர்.

நாற்காலியை எஞ்சினுக்குப் பக்கத்தில் தள்ளச் சொல்லி அவர் கண்ணால் ஜாடை காட்டினார். அதை அவள் சரியாகவே புரிந்துகொண்டாள். இடக்கையை நீட்டி எஞ்சினின் பக்கத்து இரும்பில் வைத்தார். அங்கேயே வைத்திருந்தார். பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்தார். கையுறையைப் பல்லால் கடித்து உருவப் பார்த்தார். அவளே உருவினாள். அவள் உள்ளங்கையை அந்த இரும்பின் மேல் வைத்து, தன் கையால் அழுத்தினார். இரும்பு கதகதப்பாக இருந்தது.

"ஆமா. ஆமா. ஆமா."

அவர் கண்ணில் நீர் வழிந்தது. காற்றடித்து வழிகிறது என்று நினைத்தாள் ஆர்டிஸ். குளிருக்கு இதமான இடம் கிடைத்துவிட்டது, அதைத் தனக்கும் காட்டுகிறார் என்று நினைத்தாள். மற்ற கையுறையையும் கழற்றி அவர் கைமேல் தன் கையை வைத்தாள். விழுந்ததிலிருந்து அவராக அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

எமில் பேச்சை நிறுத்திவிட்டு வாசல் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு ஏறிச் சாவியைத் திருகினான். எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்தது. புகைகூட அதிகமில்லை.

"உங்களுக்குப் புடிச்சிருக்கா பால்மர்? வாங்கிரலாமா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றார். வேறு என்ன சொல்ல முடியும் அவரால்? இடக்கையால் நாற்காலிச் சக்கரத்தைப் பின்னுக்கு உருட்டினார். குளிர்கிறது, வீட்டுக்குப் போகணும் என்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். எமிலுக்குக் கைகொடுத்துப் பேரத்தை முடித்தாள். அந்த வாரமே அவன் வண்டியைக் கொண்டுவந்து அவர்கள் கொட்டகையில் நிறுத்திவிட்டுப் போனான், விதைப்புவரை அதை யாரும் தொடவில்லை.

விதைப்பு நாள் வந்தது. விடிகாலையில் ஆர்டிஸ் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். எஞ்சின் முக்கியது, முனகியது, வெள்ளைப் புகையைக் கக்கியது. பிடிக்கவில்லை. பாட்டரி சாகும்வரை திருகினாள். வேறு வழியில்லாமல் ஹார்லனைக் கூப்பிட்டாள்.

அவன் சுற்றி வந்து பார்த்தான். முகம் சுண்டிப்போயிற்று.

"நீ பாக்கப் போன அன்னிக்கு எப்படிப் புடிச்சுச்சு?"

"ஒரே சுத்துல."

"எஞ்சினைத் தொட்டுப் பாத்தியா? ஜில்லுனு இருந்துச்சா, சூடா இருந்துச்சா?"

ஆர்டிஸ் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நீ வர்றதுக்கு முன்னாடியே சூடுபண்ணி வெச்சிருக்கான் பாவி. உள்ள எல்லாம் தேஞ்சு போச்சு ஆர்டிஸ். குளிர்ந்து கிடந்தா இது புடிக்காது. யாரா இருந்தாலும் முதல்ல அதைத்தான்..."

"தெரியும்" என்றாள். "அவர் காட்டினாரு."

ஹார்லன் ஹீட்டர் கொண்டுவந்து சூடேற்றி வண்டியைக் கிளப்பிக் கொடுத்தான். விதைக்கருவியை மாட்டிக்கொண்டு அவள் வயலில் இறங்கினாள். மேட்டில் ஏறும்போது இழுவை செத்தது. உள்ளே ஏதோ இரும்போடு இரும்பு அடித்து உடைந்த சத்தம் கேட்டது. அதோடு வண்டி நின்றுவிட்டது.

ஆர்டிஸ் வீட்டுக்குள் வந்து அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"சூடா இருக்குன்னு சொன்னீங்க. அதைத்தானே சொன்னீங்க? வாங்காதேன்னு சொன்னீங்க."

பால்மர் அவளையே பார்த்தார். பிறகு முகத்தின் நல்ல பாதி முழுக்க மலர்ந்தது. நாற்காலிக் கையை அறைந்தார். "ஆமா! ஆமா! ஆமா!" என்று வீடே அதிரக் கத்தினார். சிரித்தார். வண்டி போனது, வருஷத்து விளைச்சல் போனது எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனாலும், விழுந்ததிலிருந்து ஒரு விஷயத்தை முழுசாக அவளிடம் சேர்த்துவிட்ட சந்தோஷத்தில் அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். ஆர்டிஸ் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எழவே இல்லை.

அடுத்த வாரம் நிலம் ஹார்லனுக்குக் குத்தகைக்குப் போனது. அவன் எதுவும் குத்திக்காட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. எமிலுக்கு அவள் போன் செய்தபோது, "பழைய வண்டிம்மா, பாத்துத்தானே வாங்குனீங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். ஆர்டிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஹார்லனின் பெரிய இயந்திரம் வந்து விதைத்த சனிக்கிழமை அவள் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். பால்மர் கையால் தட்டித் தட்டித் திறக்கச் சொன்னார். திறந்துவிட்டாள். சாயங்காலம்வரை அவர் கண்ணெடுக்காமல் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரங்களையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.