அந்தப் பிள்ளையிடம் யார் கேட்டது?

முத்துப்பேச்சி அக்கா காலமான செய்தி வந்தபோது நான் சென்னையில், பிளைவுட்டால் செய்த ஒரு விண்கலத்துக்குள் நின்று நடிகர்களுக்கு வசனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். போனில் அவருடைய தம்பி அதிகம் பேசவில்லை. காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாராம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டதாம். நான் போடிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வாசலில் போட்டிருந்த பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சிலமலையிலிருந்து போடிமெட்டுச் சரிவிலுள்ள ஏலக்காய்த் தோட்டங்கள் வரை முப்பது வருடத்துக்கும் மேலாகக் கிராமச் செவிலியராக இருந்தவர் அக்கா. ஜீப்பு கிடைக்காத நாட்களில் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே மலையேறியவர். இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்களில் பலருடைய பிள்ளைகள் அவர் கையில்தான் பிறந்திருப்பார்கள். அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிட உங்களிடம் அதிகம் இருக்கும். நான் அவரை அறிந்தது கடைசி ஐந்தாறு வருடங்கள்தான். அதுவும் நான் செய்த ஒரு தவறின் வழியாக.

அப்போது ஒரு தொலைக்காட்சிக்காக அறிவியல் கதைத் தொடர் ஒன்றுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். அதன் பெயரை எழுத இப்போதும் கூசுகிறது. அழிந்துகொண்டிருக்கும் வேற்றுக் கிரகத்து இனம் ஒன்று, ஏலக்காய் பறிக்கும் ஒரு மலைப் பெண்ணைத் தேர்ந்தெடுக்கிறது. தோட்டத்தில் ஒரு வெளிச்சம் அவள்மேல் விழுகிறது. விழித்தெழும்போது அவள் கர்ப்பமாக இருக்கிறாள். ஒரு நாள் அழுகிறாள், பயப்படுகிறாள். பிறகு தொட்டில், தாலாட்டு, ஊரே கொண்டாட்டம். தாய்மையின் பெருமையை எழுதுவதாகத்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிரசவக் காட்சியை மலையிலேயே எடுத்தோம். நடிகைக்குச் சொல்லித்தர அனுபவமுள்ள ஒருவர் வேண்டும் என்று கேட்டபோது, ஓய்வு பெற்று வீட்டிலிருந்த அக்காவை யாரோ அழைத்து வந்தார்கள். அவர் முதலில் கதையைக் கேட்டார். வசனத் தாள்களை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து முழுவதும் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் தம்பி, இந்தப் பிள்ளைகிட்ட யாரு கேட்டது?"

எனக்குப் புரியவில்லை. அவர்கள் வேறு கிரகத்து ஆட்கள், அவர்களுக்கு நம் வழக்கமெல்லாம் கிடையாது என்று விளக்கினேன்.

"ஆளுக வேற கிரகம், சரி. பிள்ளை நம்ம ஊருப் பொம்பளப் பிள்ளைதான?"

நான் சிரித்து மழுப்பினேன். அவரும் மேற்கொண்டு வாதாடவில்லை. வலி வரும்போது எப்படி மூச்சு விடுவது, எதைப் பிடித்துக்கொள்வது என்று நடிகைக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கிளம்பும்போது மட்டும், தொடரின் நன்றிப் பட்டியலில் தன் பெயர் வரக்கூடாது என்றார்.

அந்தக் காட்சிகள் ஒளிபரப்பாகி ஒரு மாதமிருக்கும். அக்கா போன் செய்து, ஒரு நடை வந்து போகச் சொன்னார். எதற்கென்று சொல்லவில்லை. போடியில் பஸ்சை விட்டு இறங்கியதும் ஜீப்பு நிற்குமிடத்துக்குப் பக்கத்திலிருந்த டீக்கடைக்கு அழைத்துப் போனார். அங்கேதான் சொன்னார்.

மலையில் ஒரு தோட்டத்தில் வேலை செய்யும் இருபது வயதுப் பெண். அங்கே கங்காணியாக இருப்பவரின் மகன் அவளைக் கெடுத்துவிட்டான். அவள் கர்ப்பமாகியிருந்தாள். போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள், தாயும் சரியென்றிருந்தாள். அதற்குள் பையனின் பெரியப்பா வீடேறி வந்து பேசியிருக்கிறார். "குழந்தையோட முகத்தப் பார்த்தா எல்லாம் மறந்துபோகும்" என்றிருக்கிறார். தாய் மனம் மாறிவிட்டாள். அது என் வசனம்.

"ஒரு எழுத்து மாறல தம்பி, அப்பிடியே சொன்னாரு" என்றார் அக்கா.

நான் எழுதாவிட்டாலும் அவர் வேறு எதையாவது சொல்லித்தான் இருப்பார் என்றேன். இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருப்பது அந்தப் பதில்தான்.

"சொல்லியிருப்பாரு. ஆனா அவ ஆத்தா அதுக்கு முன்னாலயே டிவி பாத்து அழுதிருக்க மாட்டா. நீங்க வெளிச்சம் போட்டு, பாட்டுப் போட்டு, அவளை அழ வச்சு வச்சிருக்கீக. அவரு வந்து சொன்னதும் அது சாமி சொன்ன மாதிரி ஆயிருச்சு."

டீ ஆறிப்போயிருந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். கூட்டிப்போக முடியாது என்றார். நீங்கள் மனசு ஆற்றிக்கொள்வதற்கு அவள் எதற்கு என்று கேட்டார். அவர் குரலில் கோபமில்லை. அதனாலேயே என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நான் திரும்பிய பிறகு அக்கா அந்த வீட்டில் இரண்டு நாள் தங்கித் தாயிடம் பேசியிருக்கிறார். இரண்டாம் நாள் அந்தப் பெண்ணே தாயிடம், "நான் மறக்கல, நீயும் மறக்காத" என்று சொன்னாளாம். மூவருமாக மலையிறங்கிப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. தேனிக் கோர்ட்டுக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் அக்கா உடன் போய் வந்தார். குழந்தை விஷயத்தில் அவள் என்ன முடிவெடுத்தாள் என்பதை அக்கா கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் செய்தது கொஞ்சம்தான். தொடரின் நாயகி அந்த வேற்றுக் கிரகத்தாரை நிறுத்தி, "என்னிடம் யாரும் கேட்கவில்லை" என்று சொல்லும் ஒரு காட்சியை எழுதினேன். இயக்குநருடன் சண்டை போட்டு அதை எடுக்க வைத்தேன். அதில் பாதியை வெட்டிவிட்டு ஒளிபரப்பினார்கள். அடுத்த நாள் அக்கா போனில் பேசினார்.

"பாத்தேன் தம்பி. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இது ரெண்டு நிமிசம். முந்தி நீங்க காட்டுனது பத்து நாளு."

அதற்காக நான் தொடரை விட்டு விலகிவிடவில்லை. வீட்டு நிலைமை அப்படி. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அதன் பிறகு ஊருக்கு வரும்போதெல்லாம் அவரைப் பார்ப்பேன். போன வருடம் சிலமலையில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பெரியவரைப் பார்க்கப் போனபோது என்னையும் அழைத்துப் போனார். அந்தப் பெரியவருக்குச் சுத்தமாகக் காது கேட்காது. அக்கா அவர் முகத்துக்கு நேரே குனிந்து, "தொடட்டுமா ஐயா?" என்று கேட்டார். அவர் பார்த்து, புரிந்துகொண்டு, தலையசைக்கும்வரை காத்திருந்தார். பிறகுதான் கையைப் பிடித்து நாடி பார்த்தார். வெளியே வந்ததும், காது கேட்காதவரிடம் எதற்கு அக்கா கேட்டீர்கள் என்றேன்.

"அவுகளுக்குக் கேக்காது. நாம கேக்கணும்ல" என்று சொல்லிவிட்டு, வெரசா நடக்கச் சொன்னார். அடுத்த வீட்டில் சோலி இருந்தது.

அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தக் காத்திருப்பு. போடியிலிருந்து திரும்பிய பிறகு, நான் பாதி எழுதி வைத்திருந்த ஒரு புதுக் கதையை எடுத்தேன். அதில் புருஷனை இழந்த ஒரு பெண்ணுக்கு மறுமணம் செய்துவைக்க அவள் வீட்டார் முடிவு செய்கிறார்கள். அவள் தூங்கும்போது, ஒரு மருத்துவரை வைத்து, ஒரு கருவியால் செத்துப்போன புருஷனின் ஞாபகத்தை மொத்தமாக அழித்துவிடுகிறார்கள். காலையில் அவள் சிரித்துக்கொண்டே எழுகிறாள். எங்கள் குழுவில் எல்லோருக்கும் பிடித்துப்போன காட்சி அது. நான் அவளை எழுப்பி உட்கார வைத்தேன். அழிக்கட்டுமா என்று மருத்துவர் அவளிடம் கேட்டார். அவள் நேரம் எடுத்துக்கொண்டு, வேண்டாம் என்றாள். அதற்குப் பிறகு எழுதியிருந்த நாற்பது பக்கமும் உதவாமல் போயிற்று. முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.