அண்ணிக்கு நான் சிபாரிசு செய்த நாவல்

எங்கள் குடும்பத்தில் எதைப் பார்க்கலாம், எதைக் கேட்கலாம் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை அண்ணிக்குத்தான். அண்ணி என்றால் என் பெரிய அண்ணனின் மனைவி. ஈஜோக்கில் வீடு, தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர் ஒரு கொரியத் தொடரின் பெயரைப் போட்டால் போதும், அந்த வாரக் கடைசிக்குள் கிள்ளானில் இருக்கும் சித்தி முதல் ஜெராமில் இருக்கும் மாமா வரை எல்லாரும் பார்த்து முடித்திருப்பார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, அண்ணி சொன்னது எதுவும் சோடை போனதில்லை. பழைய மின்விசிறிகளைப் பிரித்து, ஒரு வார்த்தை பேசாமல் பழுது பார்க்கும் ஒரு மனிதரின் காணொளிகளை அவர்தான் கண்டுபிடித்தார். அதில் என்ன இருக்கிறது என்று கேலி செய்த என் கணவர் இப்போது தூக்கம் வரும்வரை அதைத்தான் பார்க்கிறார். நம் ஊர்ப் பையன்கள் பாடிய ஒரு ராப் பாட்டை முதலில் அனுப்பியதும் அண்ணிதான். பிறகு அது கோயில் திருவிழா ஒலிபெருக்கி வரைக்கும் போய்விட்டது.

நானும் சிபாரிசு செய்கிறவள்தான். என் சரக்கு தமிழ்ப் புத்தகம். குழுவில் ஒரு நாவலின் அட்டையைப் படம் எடுத்துப் போட்டால் ஒரே ஒரு கட்டைவிரல் வரும். அது என் கணவருடையது. அவர் புத்தகத்தையும் படிக்க மாட்டார், நான் என்ன எழுதினேன் என்றும் பார்க்க மாட்டார், வீட்டில் சோறு வேண்டுமே என்று விரலைத் தூக்கிவிடுவார்.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. படித்ததைப் பற்றி வாய்விட்டுப் பேச, முடிந்தால் சண்டை போட, குடும்பத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அண்ணியாக இருக்க வேண்டும். ஒரு தொடரில் கதாநாயகி தப்பான ஆளைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக என் அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர் அவர். அப்படிப்பட்ட மனுஷிக்கு ஒரு நல்ல நாவல் கிடைத்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு நாவூறும். அதனால் தீபாவளிக்குத் தீபாவளி அவருக்கு ஒரு புத்தகம் கொடுப்பேன். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கி, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் அடுக்கிவைப்பார். அதோடு சரி.

போன வருடம் நம் நாட்டுப் பெண் ஒருவர் எழுதிய புது நாவல் என் கைக்கு வந்தது. தாமான் குடியிருப்பில் ஒரு வீடு, அதை விட்டுவிட்டு இறந்துபோன அப்பா, வெளியேற மறுக்கும் மூன்று அக்கா தங்கைகள். ஒரே சமையலறையில் மூன்று அடுப்புகள் வைத்துத் தனித்தனியாகச் சமைக்கிறார்கள். கோலா சிலாங்கூரில் நான் வேலை செய்யும் மருந்துக்கடையின் கவுண்டரிலேயே பாதி படித்தேன். ஞாயிற்றுக்கிழமை முதல் வேலையாகப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஈஜோக்குக்குப் போனேன். அண்ணி சம்பலுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, இத மட்டும் படிங்க. பிடிக்கலன்னா இனிமே உங்ககிட்ட புத்தகம்னு வாயே தொறக்க மாட்டேன்."

"டைம் இல்ல லா."

"ராத்திரி முழுக்க கொரியா சீரியல் பாக்க மட்டும் டைம் இருக்கா?"

அண்ணி கத்தியைக் கீழே வைத்தார்.

"படிக்கத் தெரிஞ்சாதானே படிக்கிறதுக்கு! நான் மலாய் ஸ்கூல்ல படிச்சவ. தமிழ் எழுத்து ஒண்ணுகூட தெரியாது. நீ பாட்டுக்கு வருஷா வருஷம் புத்தகத்தக் கொண்டாந்து குடுக்கிற. குத்திக் காட்டுற மாதிரி இருக்கு எனக்கு."

பேச்சுக்குப் பேச்சு பழமொழி சொல்கிற மனுஷி அவர். எங்கள் வாட்ஸ்அப் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்தில்தான் ஓடும் என்பதால் யாருக்கு எது தெரியும் என்று தெரியவே இல்லை. ஆங்கிலமும் மலாயும் தெரிந்தால் ஆபீஸ் வேலை கிடைக்கும் என்று அவருடைய அப்பா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை விட்டு மலாய்ப் பள்ளியில் சேர்த்திருக்கிறார். அவர் நினைத்தபடி வேலையும் கிடைத்தது. கூடத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்த அண்ணனிடம் போய், இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று எகிறினேன். "நீ கேக்கலயே," என்றார்.

வேறு யாராவது என்றால் புத்தகத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். நான் பிடித்தால் பிடித்த பிடிதான். மறுநாள் மதிய இடைவேளையில் மருந்துக்கடையின் ஸ்டோர் அறையில், பால்மாவுப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, முதல் அத்தியாயத்தைக் கைப்பேசியில் வாசித்துப் பதிவு செய்து அண்ணிக்கு அனுப்பினேன். அன்று முழுவதும் பதில் இல்லை. அடுத்த நாள் காலையில் குரல்செய்தி வந்தது.

"அந்த நடு அக்கா சரியான கள்ளி லா. அடுத்தது எங்க?"

நான் போட்ட கூச்சலில், இருமல் மருந்து வாங்க வந்தவர் இருமலையே மறந்துவிட்டார்.

அதன்பிறகு வேலை நாள் எல்லாம் வாசிப்புதான். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால் கார் ஊர்ந்துபோகும் நேரத்தில் அண்ணி கேட்பார். மூத்தவளுக்குக் கட்டைக் குரல், நடு அக்காவுக்கு இனிப்பான குரல், கடைசித் தங்கைக்கு மூக்கால் பேசும் குரல் என்று நான் நடித்தே தள்ளினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நன்றாகவே செய்தேன். ஒருநாள் தொழிற்சாலை வாசலுக்கு வந்த பிறகும் காரை விட்டு இறங்காமல் உட்கார்ந்து கேட்டு, வேலைக்குத் தாமதமாகப் போனதாக அண்ணியே சொன்னார்.

இன்னும் இரண்டு அத்தியாயம் இருக்கும்போது காட்டுத்தீப் புகைமூட்டம் வந்து ஊரை மூடியது. எனக்குத் தொண்டை கட்டி, குரல் சுத்தமாகப் போய்விட்டது. கொஞ்ச நாளைக்கு வாயே திறக்கக்கூடாது என்றார் டாக்டர். கதையிலோ வீட்டை விற்பதற்குக் கையெழுத்துப் போடும் நாள் விடிந்திருந்தது.

"வீடு யாருக்கு? டைப் பண்ணு," என்று அண்ணி கேட்டிருந்தார்.

ஆங்கில எழுத்தில் நாலு வரி தட்டி அனுப்பியிருக்கலாம். இங்கேதான் என் குணம் வேலை செய்தது. மிச்சப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்பி, "இதோ இருக்கு, படிங்க," என்று எழுதினேன்.

"விளையாடுறியா?" என்று கேட்டவர் அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். அண்ணன் போனில் கூப்பிட்டு, "அவ எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழுறா, முடிவச் சொல்லித் தொலையேன்," என்று கத்தினார். பதிலுக்குக் கத்தக் குரல் இல்லாததால் உஸ் உஸ் என்று காற்று மட்டும் விட்டேன். குரல் திரும்பிய பிறகும் நான் வாசித்து அனுப்பவில்லை. "ஒரு புத்தகத்துக்காக அண்ணியவே விட்டுடப் போற," என்றார் என் கணவர். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. புத்தகம் பேச ஆள் கிடைக்காமல் போவது ஒருபக்கம், இருக்கிற அண்ணியும் போய்விடுவாரோ என்ற பயம் இன்னொரு பக்கம். வாரங்கள் போயின. குழுவில் அண்ணி எந்தத் தொடரின் பெயரையும் போடவில்லை. எல்லாரும் அதற்கும் என்னைத்தான் திட்டினார்கள்.

ஒருநாள் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது அண்ணியிடமிருந்து நீளமான குரல்செய்தி ஒன்று வந்தது. திட்டத்தான் போகிறார் என்று நினைத்துக் காதில் வைத்தேன். அண்ணி வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, ஒரு சொல்லை மூன்று துண்டாக்கி, தடுக்கி விழுந்து, "அட ச்சை" என்று தன்னையே திட்டி, மறுபடி வரியின் தொடக்கத்துக்குப் போய், நான் அனுப்பிய முதல் பக்கத்தை முழுவதுமாக வாசித்தார். எனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் மீன் பையைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தை நடுவில் நின்று அழுதேன். மீன்காரர், விலையைத்தான் தாங்க முடியவில்லை போலிருக்கிறது என்று குறைத்துக் கொடுத்தார்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. அண்ணி வழக்கம்போல் இணையத்தைக் குடைந்து, பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித்தரும் ஓர் ஆசிரியையின் காணொளிகளைக் கண்டுபிடித்திருக்கிறார். எண்ணெய் போத்தல், கல்யாணப் பத்திரிகை, கோயில் அறிவிப்புப் பலகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக் கூட்டியிருக்கிறார். இரண்டு அத்தியாயத்தையும் பக்கம் பக்கமாக எனக்கு வாசித்தே அனுப்பி முடித்தார். கடைசிப் பக்கம் வந்த கையோடு கூப்பிட்டார்.

"முடிவு சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"நடு அக்கா பங்க வித்துட்டுப் போயிருக்கக் கூடாது. அவளப் போக விட்டுட்டு மத்த ரெண்டு பேரும் எப்படி அந்த வீட்டுல சோறு தின்னுவாங்க?"

"அவ போனாதான் அண்ணி அவளுக்குன்னு ஒரு வாழ்க்கை!"

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியல."

என் அடுப்பில் சோறு அடிப்பிடித்துப் புகை கிளம்பும்வரை சண்டை போட்டோம். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. கணவர் இதைப் படிக்க மாட்டார் என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

அண்ணி அந்த நாவலின் அட்டையைக் குழுவில் போட்டார். பொலபொலவென்று கட்டைவிரல்கள். படிக்கத் தெரிந்தவர்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள், தெரியாதவர்கள் என் குரலை அனுப்பச் சொன்னார்கள். கிள்ளான் சித்தி என்னைக் கூப்பிட்டு, "நல்ல புத்தகமாமே, நீதான் படிக்கிறவளாச்சே, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று கேட்டார். நான் சிரித்ததைச் சித்தி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நம்புகிறேன்.

இந்தத் தீபாவளிக்கு ஈஜோக் போனபோது அண்ணி ஒரு புத்தகத்தை என் கையில் வைத்தார். கிள்ளானில் ஒரு கடைக்குத் தனியாகப் போய், நின்று நிதானமாகப் புரட்டிப் பார்த்து வாங்கினாராம். அப்படி ஒரு நாவல் வந்திருப்பதே எனக்குத் தெரியாது.

"நான் முடிச்சிட்டேன். நீ படி. நடுவுல கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கோ. முடிச்சதும் எனக்குப் போன் பண்ணணும்."

அதுவரை என் வாழ்க்கையில் யாரும் எனக்கு ஒரு தமிழ்ப் புத்தகத்தைப் படி என்று கொடுத்ததில்லை. வந்தவர்களுக்குப் பலகாரம் எடுத்து வைக்கக்கூடப் போகாமல், அங்கேயே உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தேன்.