வாடகை யார் வருமானம்

சாரம் பகுதியில் நாங்கள் இருக்கிற வீட்டு மனையை, நான் வேலை பார்த்த மில் மூடியபோது எனக்கு வந்த செட்டில்மென்ட் பணத்தில் வாங்கினேன். பத்திரம் என் பேரில்தான். மாடியில் போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டதும் நான்தான். ஆனால் என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, குடித்தனக்காரர்கள் வாடகையை என் மகனிடம் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆம்பளை இருக்கிற வீட்டில் அப்படித்தான் நடக்கும், யாரும் யாரையும் கேட்பதில்லை. நானும் விட்டுவிட்டேன். என் பணத்திலேயே அவன் எனக்குக் கைச்செலவுக்குக் கொடுக்கும்போது மட்டும் சுருக்கென்று இருக்கும்.

மகனுக்கு இங்கேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. போன வருஷம் சம்பளத்தோடு வாடகையையும் சேர்த்து வரிக்கணக்கு கொடுக்க ஆடிட்டரிடம் கிளம்பினான். வீட்டு வரி ரசீது கேட்டான். அதை நான் யார் கையிலும் கொடுப்பதில்லை. "நானும் வரேன்" என்று வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஆடிட்டர் ஒரு பெண். ரசீதைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள்.

"வீடு அம்மா பேருல இருக்கு. வாடகைய உங்க வருமானமா காட்றீங்களே சார்?"

"ஒரே குடும்பம்தான மேடம். என் அக்கவுண்டுலதான் விழுது."

"யார் அக்கவுண்டுல விழுந்தா என்னா? வீடு யாருதோ, வாடகை அவங்க வருமானம். உங்க சம்பளத்தோட சேத்து வீணா வரி வேற கட்டிட்டிருக்கீங்க."

மகன் முகம் சுண்டிப்போனது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, என் கணக்கைத் தனியாகப் போடச் சொன்னேன். நான் கட்டிய வீட்டு வரியை வாடகையில் கழித்தாள். மீதியில் நூற்றுக்கு முப்பது ரிப்பேருக்குக் கழியும் என்றாள்.

"இந்த வருசம் நான் ஒரு ஆணி கூட அடிக்கலியேம்மா. பொய்க்கணக்கு எனக்கு வேணாம்."

"பொய் இல்லம்மா. செலவு பண்ணாலும் பண்ணாட்டியும் சட்டமே குடுக்குது. பில்லு கேக்க மாட்டாங்க."

"சட்டம் எழுதுனவரு சொந்த வீட்டுக்காரரு போலருக்கு" என்றேன். சிரித்துவிட்டாள்.

"வேற எதுனா வருமானம்?"

"பேங்குல ஒரு டெபாசிட்டு. வட்டிய நான் தொட்டதே இல்ல, அது பாட்டுக்கு அசலோட சேந்துகினு போவுது. தொடாத காசு எப்பிடி வருமானமாவும்?"

"தொடாட்டியும் வருமானந்தாம்மா. காட்டியே ஆவணும்."

"செலவு பண்ணாததக் கழிக்கிறீங்க, தொடாததச் சேக்குறீங்க. சரி, ஞாயந்தான். எழுதிக்கம்மா."

எல்லாம் கூட்டிக் கழித்து, எனக்கு வரி வராது என்றாள். வராவிட்டாலும் என் பேரில் கணக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

வெளியே வந்ததும் மகன், "ஒரு ரசீத எடுத்துகினு வந்து என் மானத்த வாங்கிட்டியேம்மா" என்றான்.

"உன் வரியக் கொறச்சிருக்கேன்டா. வண்டிய எடு."

அடுத்த மாதம் மாடி வீட்டுப் பெண் படியில் நின்று, "அண்ணே, வாடகை அனுப்பிடட்டா?" என்று கேட்டாள். நான் அடுப்படியில் இருந்தேன். அவன் அடுப்படிப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான்.

"அம்மாகிட்ட அக்கவுண்ட் நம்பர் வாங்கிக்க. வீடு அவங்களுது."

கடுகடுவென்றுதான் சொன்னான். சொன்னது சரியாக இருந்தது. நான் அடுப்பைத் தணித்துவிட்டு, பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு படிக்குப் போனேன்.