பீர்க்கன்கரணையிலிருந்து நாற்பத்தெட்டுக் குழாய்கள்

பத்து கிலோமீட்டர் சொச்சம்தான் பயணம். கிளம்புவதற்கு இரண்டு வருடம் ஆனது.

அம்மா போனது கருப்பைவாய்ப் புற்றுநோயில். தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. அதனால் அவள் தங்கையை, என் சித்தியை, பரிசோதனைக்கு வரச் சொல்லி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் முன் படுக்க மாட்டேன் என்பது அவள் பதில். போன மாதம் பீர்க்கன்கரணை சர்ச் ஹாலில் ஒரு முகாம் நடந்தது. அந்த நோயைக் கொண்டுவரும் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, தனி அறைக்குள் போய் ஒரு குச்சியால் நாமே மாதிரி எடுத்துக் கொடுத்தால் போதும். சித்தி சம்மதித்தாள். நிபந்தனையோடு.

“ஒரு தடவைதான். சரியா வரல, திரும்ப வாங்கன்னா நான் வர மாட்டேன்.”

சனிக்கிழமை காலை 8.10, ஊரப்பாக்கத்தில் ரயில். டிக்கெட் ஐந்து ரூபாய். பெருங்களத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோ, ஆளுக்குப் பதினைந்து. ஒன்பது மணிக்கு முன் போய்விடுங்கள், வரிசை இல்லை. ஹால் ஜன்னலில் ஏரி தெரிகிறது. காத்திருக்க நல்ல இடம்.

நான்கு நிமிடத்தில் வெளியே வந்தாள். கையில் மூடிய குழாய், முகத்தில் ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போவாள் என்று நினைத்தேன். ஆனால் முகாமுக்கு உதவ வந்திருந்தவர்களில் மூன்று பேர் சித்தி வேலை பார்க்கும் பள்ளியின் டீச்சர்கள். குழாய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்துகொண்டாள். நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையைப் பார்த்திருக்க வேண்டும்.

பெட்டியை எடுத்துப் போகிறவரின் பைக் பஞ்சர். லேபில் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று நர்ஸ் என்னைக் கேட்டார். சித்தி வீட்டுக்கு ரயில் ஏறினாள். நான் 12.15க்கு ஆட்டோ. தாம்பரம் சானடோரியம் வரை நூற்று எண்பது ரூபாய், பேரம் பேசிய பிறகு.

“இன்னாம்மா பொட்டில? கேக்கா?” என்றார் ஆட்டோக்காரர்.

லேபுக்குப் போகிறது, குலுங்கக் கூடாது என்றேன்.

“நான் குலுக்க மாட்டேன். ரோடு கீது பாரு, அத்தப் போய்க் கேளு.”

லேப் இரண்டாவது மாடி. லிப்ட் இல்லை. மல்லிகா அக்கா அங்கே டெக்னீஷியன். முன்பெல்லாம் ஒவ்வொரு குழாயையும் கையால் குலுக்கி, திறந்து, திரவத்தை உறிஞ்சி, அடுத்த தட்டில் விட்டு, மூட வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு நாள் முழுக்க அந்த வேலை என்றார். இப்போது கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இயந்திரம். பீரோவைப் படுக்கவைத்த அளவு. லேபிளைத் தானே படிக்கிறது, தானே திறக்கிறது.

அன்று திறக்கவில்லை. இயந்திரத்தின் கை மூடியைப் பிடித்தது, திருகியது, வழுக்கியது. சிவப்பு விளக்கு.

மல்லிகா அக்கா ஒரு குழாயை எடுத்துப் பார்த்தார். மூடியையும் கழுத்தையும் சேர்த்து செலோடேப், இரண்டு சுற்று. டேப்பின் குறுக்கே மார்க்கரில் ஒரு கையெழுத்து. நாற்பத்தெட்டிலும் டேப், அதே கையெழுத்து. பொதுத்தேர்வு விடைத்தாள் கட்டுக்கு வைக்கும் சீல். கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும்.

டேப் லேபிள்மேலும் ஒட்டியிருந்தது, இழுத்தால் லேபிளும் வந்துவிடும். லேபிள் போனால் மாதிரி செல்லாது. அந்தப் பெண்களை மறுபடி கூப்பிட வேண்டும்.

“எத்தன பேர் வருவாங்கன்னு நெனக்கிற?” என்றார். நான் ஒருத்தியை மட்டும் நினைத்தேன்.

சித்திக்குப் போன் செய்து சொன்னேன். யாரும் கை வைக்க வேண்டாம், வருகிறேன் என்றாள்.

2.20க்கு வந்தாள். பையில் பிளேடு. வரவேற்பு மேசையில் கையுறை போட்டு உட்கார்ந்தாள். மூடிக்கும் குழாய்க்கும் நடுவில் உள்ள கோட்டில் அறுத்தாள். மூடிப் பக்கத்து டேப்பை உரித்தாள். லேபிள்மேல் இருந்ததை விட்டுவிட்டு, அதில் விழுந்திருந்த தன் கையெழுத்தை, இயந்திரம் லேபிளைப் படிக்கும்படி, ஸ்பிரிட்டால் துடைத்தாள். வேதியியல் டீச்சர். ஒரு மணி நேரத்தில் நாற்பத்தேழு.

மிச்சம் ஒன்று, அவளுடையது. அதற்கு மட்டும் லேபிள் முழுவதும் மறைய ஐந்து சுற்று சுற்றியிருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. டேப்போடு லேபிளும் வந்தது.

யாருடையது என்று மூன்று பேருக்கும் தெரியும். மல்லிகா அக்கா தயங்கினார். “தெரிஞ்சாலும் எடுக்கக் கூடாது, டீச்சர்.”

“நம்பர் இல்லாத பேப்பர நானும் திருத்த மாட்டேன்மா.”

கையுறையைக் கழற்றினாள். என்னைப் பார்க்கவில்லை.

“இங்க பாத்ரூம் எங்க இருக்கு?”

புதுக் குச்சி, புதுக் குழாய். இந்த முறை மூன்று நிமிடம்.

கண்ணாடி வழியே சித்தியும் நானும் பார்த்தோம். ஒவ்வொரு குழாயும் ஒரே மாதிரி. படித்தது, குலுக்கியது, திறந்தது, மூடியது. சித்தியுடையது கடைசி.

“யாரோடதுன்னு அதுக்குத் தெரியாதுல்ல?”

“நம்பர்தான் டீச்சர்.”

“நல்லது.” அவ்வளவு நிம்மதியாக அவளை நான் பார்த்ததில்லை. ஸ்டேஷன் வாசலில் இரண்டு டீ, முப்பது ரூபாய், அவள் வாங்கித் தந்தாள். பத்து நாளில் முடிவு வந்தது. வைரஸ் இல்லை.

அம்மாவையோ சித்தியையோ கூட்டிப்போகிறவர்களுக்கு: சனிக்கிழமை காலை நல்லது. மூடியைக் கையால் இறுக்கினால் போதும், டேப் வேண்டாம். “ஒரு தடவைதான்” என்று சொன்னால் வாதாடாதீர்கள். லேபில் பாத்ரூம் எங்கே என்று மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். படியேறியதும் இடது பக்கம்.